எஸ்லோன் பைப்பில் போர்க்கவசம்: துண்டுகளைப் பொருத்தி வார் கட்டும் முறை

அக்காவின் மகனுக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் அபிமன்யு வேடம் கிடைத்தது. எங்கள் மட்டக்களப்புக் கூத்து வகையான வடமோடியின் ஆட்டங்களை எடுத்துச் செய்த நாடகம். ஆகவே அவன் கவசத்தைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியாது. ஆட வேண்டும், வில் இழுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட வேண்டும். கவசம் செய்து தரும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். தகடு வெட்டி வளைக்கும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. அதை உடம்பில் நிற்க வைக்கத்தான் ஒரு கிழமை போனது. அதனால் இந்தப் பதிவில் வார் கட்டுவதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முதலில் பிளாஸ்டிக். மட்டக்களப்பில் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும் பிவிசி குழாய் போதும், நாங்கள் எஸ்லோன் பைப் என்று சொல்கிறோமே, அதுதான். 160 மில்லிமீற்றர் குழாயை நீளவாட்டில் கீறி விரித்தால் 50 சென்ரிமீற்றர் அகலத் தகடு வரும். நெஞ்சுக்கும் முதுகுக்கும் அது. 110 மில்லிமீற்றர் குழாய் 34 சென்ரிமீற்றர் தரும். அது கைக்கும் காலுக்கும். கழிவுநீருக்குப் போடும் மெல்லிய ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். 2.5 மில்லிமீற்றர் தடிப்பில் 50க்கு 40 சென்ரிமீற்றர் தகடு ஒன்றே 700 கிராம் வரும். தடித்த ரகம் வாங்கினால் பிள்ளை ஆட மாட்டான், சுமப்பான்.

ஹீட் கன்னால் சூடு காட்டினால் 80 பாகை செல்சியஸ் அளவில் பிவிசி இளகத் தொடங்கும். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அமர்த்தினால் தட்டையாகும். காட்போட் மட்டையில் மாதிரி வெட்டி, அதைத் தகட்டில் வைத்துக் கீறி, வெட்டி எடுங்கள். மறுபடி சூடாக்கி, உரப்பையில் மணல் நிரப்பிப் பழைய துவாய் போர்த்தி அதன் மேல் வளையுங்கள். ஆளின் உடம்பில் வைத்து வளைக்கவே கூடாது. அடுப்பு நெருப்பும் வேண்டாம். தகடு பழுப்பு நிறமாகிறது என்றால் சூடு கூடிவிட்டது, ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், தொண்டையும் கண்ணும் எரியும். முற்றத்தில், காற்று போகும் இடத்தில் செய்யுங்கள்.

அடுத்தது அளவு பார்ப்பது. மேடையில் உள்ளே போடப்போகும் உடுப்பையே போட்டுக்கொண்டு அளவு பார்க்க வேண்டும். மெல்லிய பெனியனோடு பார்த்துவிட்டுப் பிறகு தடித்த சட்டையோடு போட்டால் எதுவும் சேராது. அக்குள் பக்கத்தை முதலில் பெரிதாக வெட்டாதீர்கள். ஆளை வில் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். தகடு எங்கே கையில் முட்டுகிறதோ அங்கே பென்சிலால் குறித்து அரை விரல் அகலம் மட்டும் வெட்டுங்கள். திரும்பப் போட்டுப் பாருங்கள், திரும்ப வெட்டுங்கள். நான் ஐந்து தடவை வெட்டினேன். விளிம்புகளை அரத்தாலும் மண்தாளாலும் தேய்த்து மழுக்காமல் போட்டால் அக்குளில் கீறும்.

சரி, இப்போது வார்.

முதல் முறை நான் செய்தது இது. நெஞ்சுத் தகடு, முதுகுத் தகடு இரண்டையும் தோளில் இரண்டு, விலாவில் இரண்டு என்று நைலோன் வாரால் இறுக்கி ரிவெட் அடித்தேன். வயிற்றுத் தகட்டை மேலே நெஞ்சோடும் கீழே பட்டியோடும் சேர்த்து ரிவெட் அடித்தேன். கண்ணாடியில் பார்க்க அவ்வளவு அழகு. ஒத்திகையில் முதல் விருத்தத்தை எடுத்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். “மாமா, பாட ஏலா. மூச்சு எடுத்தா நெஞ்சுல இடிக்குது” என்றான். கால் மடித்து இருந்தபோது பட்டி வயிற்றுத் தகட்டைத் தள்ள, அது நெஞ்சுத் தகட்டைத் தள்ள, அதன் விளிம்பு தாடையில் வந்து முட்டியது.

இரவு அளவு நாடாவை எடுத்து அவன் நெஞ்சை அளந்தேன். மூச்சு விட்டபோது இருந்ததைவிட நிறைய இழுத்தபோது 5 சென்ரிமீற்றர் கூட. அவன் மூச்சு விட்டு நின்ற நேரத்தில் நான் அளவெடுத்திருக்கிறேன். அந்த 5 சென்ரிமீற்றருக்குக் கவசத்தில் இடமே இல்லை.

எல்லா ரிவெட்டையும் துளைத்துக் கழற்றினேன். மறுபடி கட்டியபோது வைத்துக்கொண்ட முறை இது: பாரம் தொங்கும் இடத்தில் இழுபடாத நைலோன் வார், உடம்பு அசையும் இடத்தில் இலாஸ்டிக். கீழ்த்துண்டு எதுவானாலும் மேல்துண்டில் தொங்க வேண்டும், இரண்டு பக்கமும் பூட்டக் கூடாது.

தோளில் 25 மில்லிமீற்றர் நைலோன் வார் இரண்டு. ஒரு தோளில் நிரந்தரமாக ரிவெட், மற்றத் தோளில் பள்ளிக்கூடப் பைக்குப் போடும் கிளிப். முழுப் பாரமும் இந்த இரண்டிலும்தான் தொங்கும். விலாவில் 40 மில்லிமீற்றர் அகல இலாஸ்டிக், ஆள் மூச்சை நிறைய இழுத்து நிற்கும்போது தொய்யாமல் தொடுகிற அளவுக்கு. வயிற்றுத் தகட்டை நெஞ்சுத் தகட்டின் உள்பக்கத்திலிருந்து இரண்டு வாரில் தொங்கவிட்டு, 4 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தேன். கீழே ஒன்றும் பூட்டவில்லை. குந்தினால் அது நெஞ்சுத் தகட்டுக்குள் சறுக்கிப் போகும், எழும்பினால் தானாக இறங்கும். தொடைத் தகடு தடித்த துணிப் பட்டியிலிருந்து தொங்கும், முழங்காலுக்கு மேலே ஒரு இலாஸ்டிக் அதைச் சேர்த்துப் பிடிக்கும். கெண்டைக்கால் தகடு பாதத்தின் மேல் இருக்கும், அதற்குப் பின்னால் வெல்குரோ போதும்.

ரிவெட் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அலுமினிய பொப் ரிவெட் மட்டும்தான். எங்கள் கடற்காற்றில் இரும்பு எதுவும் துருப்பிடித்து உடுப்பில் கறை விடும். வாரின் பக்கம் வாசர் போடாமல் அடித்தால் இழுக்கிற இழுவையில் துணி கிழிந்து கழன்றுவிடும். வாரில் துளை போடச் சூடேற்றிய ஆணி நல்லது, நூல் பிரியாது. வெட்டிய நுனியையும் லைட்டரில் ஒருதரம் காட்டுங்கள். பைப் கம், அதாவது குழாய் ஒட்டும் பசை, பிவிசியோடு பிவிசியை நன்றாக ஒட்டும், நைலோன் வாரை ஒட்டாது. பசை தடவிய வெல்குரோ வாங்க வேண்டாம், வியர்வைக்கு ஒரு மணித்தியாலம் தாங்காது. தைக்கும் ரகத்தை வாங்கிப் பை தைப்பவரிடம் கொடுத்து வாரில் தைத்துவிடுங்கள்.

கூத்தின் வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், சனம் சுற்றிவர இருந்து பார்க்கும். எங்கள் நாடகமும் அப்படித்தான். அதனால் கிளிப் எதுவும் முதுகில் தெரியக் கூடாது என்று நினைத்தேன். தோள் கிளிப்பின் மேல் தோள்தகடு மூடும், அந்தத் தகடும் ஒரு வாரில் தொங்குவதுதான், கை தூக்கினால் கூடவே எழும்பும்.

போடும்போது காலிலிருந்து தொடங்குங்கள். நெஞ்சுத் தகடு ஏறிய பிறகு குனிந்து காலில் பூட்டுவது கஷ்டம். கால், தொடைப் பட்டி, நெஞ்சும் முதுகும், கடைசியில் தோளும் கையும். மறுகா ஒரு ஆள் சுற்றிவந்து எல்லா வாரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். முடிந்ததும் வெயிலில் போடாதீர்கள். பூட்டிய வாகனத்தின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்த கைத்தகடு ஒன்று எனக்கு நெளிந்து போனது.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். நீல நிறத் தண்ணீர் பரலை (பிளாஸ்டிக் பீப்பாயை) வெட்டிச் செய்தாராம், பசையும் ஒட்டவில்லை, பெயின்டும் உரிகிறதாம். பரல் பொலித்தீன் இனம், பிவிசி அல்ல. அதில் சாதாரண பசை எதுவும் பிடிக்காது. எல்லா இணைப்பையும் ரிவெட்டில் செய்யுங்கள் டீச்சர், மேலே பெயின்டுக்குப் பதிலாகத் துணியை இழுத்துப் போர்த்தி விளிம்பில் ரிவெட் அடியுங்கள். பாரமும் குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு அது பிவிசியைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன்.