படிவம் தானாக ஓடக்கூடாது

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்கள் அறைக்கும் புறாத்தீவுப் படகுக்கும் இணையத்திலேயே முன்பதிவு எடுக்கிறார்கள். திருகோணமலையில் அந்தத் தளங்களைச் செய்து கொடுக்கும் தம்பி தங்கைகளுக்குத்தான் இது. மவுஸால் சரிபார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். கீபோர்டை மட்டும் நம்பி வருபவரிடம்தான் படிவம் தன் குணத்தைக் காட்டும்.

மிக மோசமானது, டிராப்டவுனில், அதாவது விரியும் பட்டியலில், ஒன்றைத் தெரிவு செய்ததும் பக்கம் தானாக மாறுவது. பிரதேசப் பட்டியலில் 'தெரிவு செய்க' என்பதற்குக் கீழே கந்தளாய், கிண்ணியா, குச்சவெளி, மூதூர் என்று வரிசையாக இருக்கிறது என்று வையுங்கள். மவுஸ் பிடித்தவர் நேரே மூதூரில் கிளிக் செய்வார். விண்டோஸ் கணினியில் கீபோர்ட்காரர் பட்டியலைத் திறக்காமல் கீழ் அம்புக்குறியை அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தமும் ஒரு தெரிவு. முதல் அழுத்தத்திலேயே கந்தளாய்ப் பக்கத்துக்குப் போய்விடுவார். மூதூர் அவருக்கு எட்டவே எட்டாது. ஆல்ட்டோடு அம்புக்குறியை அழுத்திப் பட்டியலைத் திறந்தால் தப்பலாம்தான். ஆனால் உங்கள் பிழைக்கு அவர் ஏன் வழி தேட வேண்டும்? பட்டியலுக்கு அருகில் 'காட்டு' என்று ஒரு பட்டன் வையுங்கள், சரி.

இணையத்தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) 2.2 வழிகாட்டியின் 3.2.1, 3.2.2 விதிகள் கேட்பது இதைத்தான். ஒரு பெட்டிக்கு ஃபோகஸ் வந்ததற்காக, அதாவது கீபோர்ட் அங்கே வந்து நின்றதற்காக மட்டும், பக்கம் மாறக்கூடாது. அதில் எதையாவது மாற்றியதற்காகவும், முன்கூட்டியே சொல்லாமல், மாறக்கூடாது. இரண்டும் ஏ நிலை, அதாவது குறைந்தபட்சத் தேவை. இதற்குப் பயந்து படிவத்தைக் கல்லாக்கிவிடவும் வேண்டாம். ஆட்களின் எண்ணிக்கையை மாற்றியதும் கீழே படகுக் கட்டணம் மாறலாம், தவறே இல்லை. அந்தத் தொகை வரும் இடத்துக்கு ஏரியா-லைவ் 'பொலைட்' (aria-live="polite") என்ற பண்பைப் போட்டால், ஃபோகஸ் அசையாமலே, திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதை வாசிக்கும்.

அப்புறம், தானாகத் தாவும் பெட்டிகள். தொலைபேசி இலக்கத்தை மூன்றாக உடைத்து, ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்குத் தள்ளுவார்கள். பிழை திருத்த ஷிஃப்ட்-டேப்பில் பின்னால் வந்தால், பெட்டி நிரம்பியிருக்கிறது என்று ஸ்கிரிப்ட் திரும்பவும் முன்னால் தள்ளும். 10 இலக்கத்துக்கு ஒரே பெட்டி போதும். அடையாள அட்டைக்கும் அப்படியே. பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். இரண்டையும் ஏற்க வேண்டும்.

டிவ் (div) என்ற வெறும் பெட்டி ஒன்றுக்கு நிறம் பூசிப் பட்டனாக்காதீர்கள். டேப் அங்கே நிற்காது, என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யாது. உண்மையான பட்டனிலும் ஒரு பொறி உண்டு. படிவத்துக்குள் டைப் (type) பண்பு குறிப்பிடாத பட்டன், படிவத்தை அனுப்பும் சப்மிட் பட்டன் ஆகிவிடும். 'இன்னொருவரைச் சேர்' என்று அழுத்தியவரின் அரைகுறைப் படிவம் போய்ச் சேர்ந்துவிடும்.

தளத்தைக் கையளிக்க முன் மவுஸைக் கழற்றிவிட்டு ஒரு படகை முன்பதிவு செய்து பாருங்கள். விண்டோஸுக்கு என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழும் வாசிக்கும். ஆனால் பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் (lang) பண்பில் தமிழ் என்று குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டும்.