இருட்டறையில் பாட்டுக் கேட்பவர்களுக்கு
கறுப்பு வெள்ளைப் புகைப்படப் பிரிண்ட் போட மணிக்கணக்காக இருட்டறையில் நிற்பவர்களுக்குப் பாட்டு அருமையான துணை. பாட்டுப் பெட்டியின் வெளிச்சத்தில்தான் கவனம் வேண்டும். பிரிண்ட் போடும் தாள் சிவப்பு விளக்கைத் தாங்கும். நீலமோ பச்சையோ பட்டால் வெள்ளைப் பகுதிகள் சாம்பல் பூத்துவிடும். போன் திரையை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம்.

போனை வெளியே விட்டுவிட்டு புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் உள்ளே வையுங்கள். அதன் குட்டி விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். சந்தேகமா? சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு துண்டுத் தாளின் மேல் நாணயத்தை வைத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் 5 நிமிடம் விட்டு டெவலப் செய்து பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் வெளிச்சம் கசிகிறது. ஃபிலிமை டெவலப் செய்வதற்காக ரீலில் சுற்றும்போது எந்த விளக்கும் ஆகாது.

அப்புறம், ஃபிலிமில் உள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் என்லார்ஜர் இருக்கும் மேசையில் ஸ்பீக்கர் இருக்கக் கூடாது. அதிர்வில் படம் கலங்கும். இயர்போனும் வேண்டாம், டைமர் சத்தம் கேட்காது.

சிலர் பாட்டின் நீளத்தை வைத்தே ஃபிலிம் டெவலப்பருக்கு (படத்தை வெளிக்கொண்டுவரும் இரசாயனக் கரைசல்) நேரம் பார்ப்பார்கள். திருகோணமலையில் அது சரிவராது. டெவலப்பர் நேரங்கள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கே தரப்படுகின்றன. இங்கே வெயில் காலத்தில் கூரைத் தாங்கித் தண்ணீர் 30ஐத் தாண்டும், டெவலப்பரும் வேகமாக வேலை செய்யும். ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டி டெவலப்பர் போத்தலைச் சுற்றி வையுங்கள். வெப்பமானியைப் பார்த்த பிறகு பாட்டைப் போடுங்கள்.