வாக்கியக் கணக்கைக் கோவையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்கியக் கணக்குகளில் தடுமாறும் மாணவர்கள் பலருக்குச் சமன்பாட்டைத் தீர்க்க நன்றாகவே தெரியும். அவர்கள் சறுக்குவது அதற்கு முந்தைய படியில், வாக்கியத்தை மாறிகளை (எண்களைக் குறிக்கும் எழுத்துகளை) கொண்டு இயற்கணிதக் கோவையாக எழுதும் இடத்தில்தான்.

அங்கே நேரும் தவறுகளில் எளிதில் விலகாதது, மாறியைப் பொருளின் பெயர்ச்சுருக்கமாக எண்ணிக்கொள்வது. 'ஒரு கல்லூரியின் மாணவர் எண்ணிக்கை ஆசிரியர் எண்ணிக்கையைப் போல் 6 மடங்கு' என்பதை ம, ஆ ஆகிய மாறிகளால் எழுதச் சொன்னால், 6ம = ஆ என்று எழுதிவிடுவோர் ஏராளம். அமெரிக்க ஆய்வாளர் ஜான் கிளெமென்ட் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கணக்கில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறியிருந்தனர் என்பதால், இதை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. 6ம என்பதை 'ஆறு மாணவர்கள்' என்று படிப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ம என்பது மாணவரைக் குறிப்பதில்லை, மாணவர்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. ஆசிரியர்கள் 10 பேர் எனில் மாணவர்கள் 60 பேர்; இவற்றை 6ம = ஆ என்பதில் பிரதியிட்டால் 360 = 10 என்று வந்து தவறு உடனே வெளிப்படும். குறைவாக உள்ள எண்ணிக்கையை 6-ஆல் பெருக்கினால்தான் இரு பக்கமும் சமமாகும் என்பதால், ம = 6ஆ என்பதே சரி. மாறி எதன் எண்ணிக்கை என்பதை முதல் வரியிலேயே முழு வாக்கியமாக எழுதிவிடும் பழக்கம் இந்தக் குழப்பத்தைப் பெரிதும் குறைக்கும்.

கழித்தலில், சொற்கள் வரும் வரிசையை நம்பக் கூடாது. 'ஓர் எண்ணை 12-இலிருந்து கழிக்க' என்பதில் எண் முன்னால் வந்தாலும், 'இலிருந்து' 12-உடன் ஒட்டியிருப்பதால், அந்த எண் க எனில் கோவை 12 − க ஆகும்.

அடைப்புக்குறியை விட்டுவிடுவதும் அடிக்கடி நேர்கிறது. 'ஓர் எண்ணின் 3 மடங்குடன் 4-ஐக் கூட்டுக' என்பது 3க + 4. 'ஓர் எண்ணுடன் 4-ஐக் கூட்டி, வரும் தொகையை 3-ஆல் பெருக்குக' என்பதோ 3(க + 4). க = 5 எனில் முன்னது 19, பின்னது 27. 'கூட்டி', 'கழித்து' போன்ற வினையெச்சத்தைத் தொடர்ந்து பெருக்கலோ வகுத்தலோ வந்தால், முதற்செயலை அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும்.

ஈரிலக்க எண்ணை இலக்கங்களின் பெருக்கலாக எழுதுவதும் தவறு. பத்தாமிட இலக்கம் ப, ஒன்றாமிட இலக்கம் ந எனில், எண் 10ப + ந.

வயதுக் கணக்கில் ஆண்டுகள் இருவருக்கும் கூடுகின்றன என்பது மறந்துபோகிறது. தந்தையின் வயது இப்போது மகளின் வயதைப் போல் 4 மடங்கு, 5 ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்கு எனில், மகளின் இப்போதைய வயதை வ என்று கொண்டு 4வ + 5 = 3(வ + 5) என எழுத வேண்டும். அடைப்புக்குறி விட்டுப்போனால் மகளின் வயது 0 என்று வரும். சரியாக எழுதினால் மகளுக்கு 10, தந்தைக்கு 40.