மொட்டைமாடி ஆன்டெனா இணைப்பில் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றும் முறை

மதுரையில் ஹாம் ரேடியோ ஆன்டெனாவையும் கேபிளையும் இணைக்கும் கனெக்டரைக் கெடுப்பதில் மழைக்கு எவ்வளவு பங்கோ, அதற்கு முந்தைய வெயிலுக்கும் அவ்வளவு பங்கு. பகல் முழுக்க மொட்டைமாடியில் காயும் கனெக்டருக்குள் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறிவிடும். சாயங்காலம் இடிமழை கொட்டியதும் உலோகம் சட்டென்று குளிரும். உள்ளே மிஞ்சிய காற்று சுருங்கி, மரையில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் டேப்பை எத்தனை சுற்று சுற்றினோம் என்பதைவிட, எங்கேயாவது இடுக்கு விட்டோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் திருகு வகையான பிஎல்-259 கனெக்டரில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கிடையாது. மரை, திருகு வளையத்தின் பின்பக்கம், சால்டர் வைத்த துளைகள் என மூன்று வாசல். என்-டைப் என்ற இன்னொரு வகைக் கனெக்டரில் ரப்பர் வளையம் உண்டு. ஆனாலும் வெளியில் இருந்தால் அதற்கும் டேப் வேண்டும். ஒருமுறை ஈரம் கேபிளின் செம்புப் பின்னலுக்குள் போய்விட்டால் இழைகளுக்கிடையே ஊர்ந்து பல அடி தூரம் போகும். பின்னல் கறுக்கும், பிறகு பச்சை பூக்கும். அந்தக் கேபிளை மீட்க முடியாது. கறுத்த பகுதி முழுவதையும் வெட்டித் தள்ள வேண்டியதுதான்.

வேலையை ஆனி, ஆடியிலேயே முடித்துவிடுவது நல்லது. புரட்டாசிக்கு மேல் காய்ந்த நாளாகப் பார்த்துப் பிடிப்பது கஷ்டம். ஆடிக்காற்றில் மண் பறந்து பசையில் ஒட்டும் என்பதால், பனி காய்ந்த பிறகு, காற்று எழுமுன் காலையிலேயே செய்யுங்கள். ரிக்கை (ரேடியோ கருவியை) அணைத்து, கேபிளை அதிலிருந்து கழற்றிவிட்டு மேலே போகவும். பக்கத்தில் ஈபி லைன் போனால், ஆன்டெனாவோ கம்பமோ சாய்ந்தாலும் எட்டாத தூரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தேவையானவை: 19 மி.மீ. அகலத்தில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் (ஸ்காட்ச் 23 வகை), தரமான வினைல் டேப் (சூப்பர் 33+ வகை), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி, கூர்மையான கத்தி. ஒரு இணைப்புக்கு ரப்பர் டேப் முக்கால் மீட்டர், வினைல் இரண்டரை மீட்டர் பிடிக்கும். மலிவான இன்சுலேஷன் டேப் வேண்டாம். சித்திரை வெயிலில் பசை இளகி, ஒரே வருடத்தில் நுனி பிரிந்து தொங்கும்.

முதலில் கனெக்டரை ஒழுங்காக முடுக்குங்கள். பிளக்கின் பற்கள் சாக்கெட்டின் வெட்டில் உட்கார்ந்த பிறகு கையால் இறுக்கி, பிளையரால் கால் சுற்றுக்குள் ஒரு திருகு போதும். பிறகு கேபிள் ஜாக்கெட்டை 5 செ.மீ. தூரத்துக்கு ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். கை எண்ணெய் பட்டாலே டேப் சரியாக ஒட்டாது.

அடியில் வினைல் டேப் ஒரு சுற்று வரிசை. சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால், பின்னால் கழற்றும்போது ரப்பர் மரைக்குள் பிடித்துக்கொண்டு, சுரண்டியே பாதி நாள் போகும்.

அதன் மேல் ரப்பர் டேப். பின்பக்கத் தாளை உரித்து, அகலம் முக்கால் பங்காகக் குறுகும் வரை இழுத்துப் பிடித்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றவும். இழுக்காமல் சுற்றினால் ஒன்றோடொன்று சேராது. கனெக்டர் முடிந்து கேபிள் தொடங்கும் படிக்கட்டு போன்ற இடத்தில்தான் இடுக்கு விழும். அங்கே இரண்டு சுற்று கூடுதலாகக் கொடுத்துச் சரிவாக்குங்கள். கேபிள் ஜாக்கெட்டின் மேல் 4 செ.மீ. தாண்டிப் போய்த் திரும்பி, இன்னொரு வரிசை. முடிந்ததும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கவும்.

ரப்பருக்கு வெயில் ஆகாது என்பதால் மேலே இரண்டு வரிசை வினைல். கடைசி வரிசை கீழிருந்து மேலே ஏற வேண்டும். ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடினால் தண்ணீர் வழிந்து ஓடும். கடைசி இரண்டு சுற்றை இழுக்காமல் படியவிட்டு, நுனியைக் கத்தியால் வெட்டுங்கள். கையால் பிய்த்தால் நுனி இழுபட்டு, பிறகு சுருங்கித் தானே பிரியும்.

எம்-சீல் வைத்து மூடுவது இங்கே வழக்கமாக இருக்கிறது. காற்றில் கேபிள் ஆடும், எம்-சீல் ஆடாது. விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டு அதன் வழியே தண்ணீர் இறங்கும். புளித்த காடி வாசம் வரும் சிலிக்கானும் ஆகாது, அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும்.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன் ஒரு அடி கீழே தொங்கும்படி வளைவு விடுங்கள். வழியும் தண்ணீர் அந்த அடியிலேயே சொட்டிவிடும். டைபோல் (இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) நடுவில், கேபிளை அதோடு பொருத்தும் பலூன் (balun) பெட்டி இருந்தால் அடியில் 3 மி.மீ. துளை இருக்கட்டும், பெட்டிக்குள் வியர்க்கும் நீர் வெளியேற வழி வேண்டும். அழகர்கோவில் பக்கம் குரங்குத் தொல்லை உள்ள வீடுகளில் டேப் நுனியை நோண்டிவிடும் என்பதால், மேலே ஒரு துண்டு பிவிசி பைப் மாட்டிவைப்பது உத்தமம்.

எஸ்டபிள்யூஆர் (அனுப்பிய அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், வழக்கமாகக் குறைந்தால் நல்லது) நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஈரம் ஏறிய கேபிள் சிக்னலை விழுங்குவதால், திரும்பி வரும் அலையும் குறைந்து மீட்டர் அழகாகத்தான் காட்டும். சரியான சோதனை வேறு: ஆன்டெனாவைக் கழற்றி, அந்த முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் ஷார்ட் செய்து, கீழ் முனையில் ஆன்டெனா அனலைசரால் அளக்க வேண்டும். ரிக்கிலிருந்து டிரான்ஸ்மிட் செய்து அளக்கக் கூடாது. 30 மீட்டர் நல்ல ஆர்ஜி-213 கேபிளுக்கு 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் சுமார் 3.5 காட்டும். ஷார்ட்டிலிருந்து திரும்பும் அலையைக் கேபிள் விழுங்கி 2 அளவுக்கு இறங்கியிருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. புதிதாக டேப் சுற்றிப் பயனில்லை, கேபிளை மாற்றுங்கள்.