ஆர்க்கிட் தொட்டியில் ஸ்பாக்னம் பாசியை அழுத்தித் திணிக்காதீர்கள்

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக வைக்க வாங்கும் ஸ்பாக்னம் பாசி பெரும்பாலும் நியூசிலாந்து, சிலி நாடுகளின் சதுப்புகளில் வளர்வது. இதற்கு வேரே கிடையாது. இலையில் பச்சைச் செல்களுக்கு நடுவே துளை விழுந்த, உயிரற்ற வெற்றுச் செல்கள் நிறைய இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைப்பது அவைதான், அதனால்தான் காய்ந்த பாசி தன் எடையைப் போல 15, 20 மடங்கு நீரைக்கூடக் குடிக்கும். சரி, எப்படி வைப்பது? ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றித் தளர்வாக வையுங்கள். இறுக்கினால் காற்றுப் போகாமல் வேர் அழுகும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். மேல்பாசி தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும்போது மட்டும் தண்ணீர் விடுங்கள். அப்புறம், பாசி நைந்து கூழாகத் தொடங்கினால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். தேவைக்கு மேல் வாங்கவும் வேண்டாம், வெட்டியெடுத்த சதுப்பில் அது மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும்.