நெடுந்தீவை ஒரே நாளில் பார்த்து வருவது எப்படி

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அதிகாலையிலேயே சென்றுவிடுங்கள். நயினாதீவுப் படகுகளும் அங்கிருந்தே புறப்படுவதால், கேட்டறிந்த பின்பே ஏறுங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம் இது. திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடன் உறுதிசெய்துகொள்வது மிக முக்கியம்.

பாக்கு நீரிணையில் கிடக்கும் இத்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தட்டையானது, நிழல் குறைந்தது. ஆகவே நடந்தே சுற்றிவிடலாம் என்று எண்ணாமல், ஆட்டோ ஒன்றை அமர்த்திக்கொள்ளுங்கள். குடிநீரையும் எடுத்துச் செல்லுங்கள்.

சாந்து பூசாமல் பவளக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளை வழியெங்கும் காண்பீர்கள். இடிந்த கோட்டையும் அந்தக் கல்லால் ஆனதே. அதன் சுவர்களில் ஏறாதீர்கள். ஆப்பிரிக்காவுக்கு உரிய பெருக்க மரம் ஒன்று இங்கே வேரூன்றி நிற்பது, கடல்வழி வாணிகத்தின் உயிருள்ள சான்றாக எனக்குப் படுகிறது.

மட்டக்குதிரைகளுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்த இவை, உரிமையாளரின்றி வெளிகளில் மேய்கின்றன. வறட்சியில் தண்ணீரின்றி வாடுவதால், அவை நீர்நிலையை நெருங்கும்போது குறுக்கே நிற்காமல் தொலைவிலிருந்தே பாருங்கள், துரத்திப் படம் எடுக்காதீர்கள்.