நீதிமொழிகளை எடை போட்டுப் படிப்பது எப்படி

முப்பது வருஷம் மளிகைக்கடை வைத்திருந்தவன் நான். இப்போது சபையில் இளைஞர்களுக்கு, பைபிளில் உள்ள நீதிமொழிகள் புத்தகத்தில் வகுப்பு எடுக்கிறேன். "நல்லது செய்தால் நல்லது, கெட்டது செய்தால் கெட்டது, அவ்வளவுதானே அண்ணாச்சி?" என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார். அப்படிப் படித்தால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். நான் படிக்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதல் அதிகாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் ஒன்பதும் பெரும்பாலும் தகப்பன் மகனுக்குச் சொல்லும் நீண்ட புத்திமதி, அப்புறம் படிக்கலாம். நேராக 10-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். அங்கிருந்து 22:16 வரை 375 தனித்தனி மொழிகள். நாளுக்கு ஓர் அதிகாரமாக 31 நாளில் புத்தகத்தையே முடிப்பவர்கள் உண்டு. கடலைமிட்டாயை மெல்லாமல் விழுங்குவது அது. நாளுக்கு ஒரு வசனம் போதும்.

வசனத்தை எடுத்ததும் நடுவில் 'ஓ' வருகிறதா பாருங்கள். "சோம்பற்கையால் வேலைசெய்கிறவன் ஏழையாவான், சுறுசுறுப்புள்ளவன் கையோ செல்வத்தை உண்டாக்கும்" (10:4). அந்தக் 'கையோ'தான் தராசின் முள். மறுபாதியை விரலால் மறைத்துவிட்டு, என்ன வரும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். தீமையைப் பற்றிய வசனம் என்றால் நம் பையன்கள் உடனே 'தண்டனை' என்று எழுதுவார்கள். திறந்து பார்த்தால் பல இடங்களில் வேறு ஏதோ இருக்கும். 26:27-ல் குழி வெட்டியவன் அதிலேயே விழுகிறான். அவனை யாரும் தள்ளிவிடவில்லை.

அடுத்து, வசனத்தில் வரும் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 11:1 கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்றும் 'சுமுத்திரையான நிறைகல்', அதாவது சரியான எடைக்கல், அவருக்குப் பிரியம் என்றும் சொல்கிறது. பழைய இரும்பு எடைக்கல்லின் குழியில் ஈயத்தை அடைத்து முத்திரை குத்தியிருப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததால் அந்தச் சொல் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எபிரெயத்தில் இருப்பது 'முழுமையான கல்'. யூதேயாவில் அன்று எடைக்கல் நிஜமாகவே கல்தான். தோண்டியெடுத்திருக்கிறார்கள், ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம். வியாபாரி பையில் போட்டுக்கொண்டு போவான். வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் வைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? அதனால்தான் பைபிளின் உபாகமம் புத்தகத்தில், 25-ஆம் அதிகாரத்தில், இதற்கென்றே ஒரு கட்டளை.

பொருள் பிடிபட்டதும், வசனத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரை அல்ல. இருபது வயதில், அப்பா ஊரில் இல்லாத ஒரு வாரம், சாமான் வைக்கும் தட்டுக்கு அடியில் ஒரு சுளை புளியை ஒட்டி வைத்தேன். யாரும் பிடிக்கவில்லை. வழக்கமாகத் துவரம்பருப்பு வாங்கும் ஓர் அக்கா மட்டும் அடுத்த மாதத்திலிருந்து எதிர்க்கடைக்குப் போனார். புளியைப் பார்த்துவிட்டாரா, வேறு காரணமா, கேட்கவும் துணிவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் எப்போதும்போல் சிரிப்பார். வஞ்சனையால் வந்த சாப்பாடு முதலில் இனிக்கும், பிறகு வாய் பருக்கைக்கற்களால் நிரம்பும் என்கிறது 20:17. அந்தச் சிரிப்பு நினைவுக்கு வராமல் அதைப் படிக்க என்னால் முடிவதில்லை.

இனி, எங்கே நிறுத்துவது என்பது. நீதிமொழிகளைத் திருப்பிப் போட்டுப் படிக்காதீர்கள். சோம்பேறி ஏழையாவான் என்றால் ஏழையெல்லாம் சோம்பேறி என்று ஆகாது. பைபிளில் பாவம் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் செய்த தப்பு இதுதான்: கஷ்டப்படுகிறான், அதனால் பாவம் செய்திருப்பான் என்று கணக்குப் போட்டார்கள். யோபு 42:7-ல் கர்த்தர் அந்தச் சிநேகிதரைத்தான் கோபித்துக்கொள்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார் (லூக்கா 13).

நோயாளியைப் பார்க்கப் போகும்போது நான் நீதிமொழிகளைத் திறப்பதில்லை. சங்கீதம் 23 போதும், அதுவும் அவர்களாகக் கேட்டால்.